நந்தியாவட்டை: முதல் வருடம் கவனித்தால் போதும்

வீட்டு வாசலில் ஒரு பூச்செடி வேண்டும், ஆனால் அதோடு தினமும் மல்லுக்கட்ட நேரமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நந்தியாவட்டையைத்தான். ரோஜாவுக்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். செம்பருத்தியை மாவுப்பூச்சி விடாது. மல்லிகையை வருடா வருடம் கவாத்து செய்யாவிட்டால் பூ குறைந்துவிடும். காகிதப்பூ முள்ளோடு மதிலைத் தாண்டித் தெருவில் போகிறவர் சட்டையைப் பிடிக்கும். நந்தியாவட்டையில் இந்தத் தொல்லைகள் குறைவு. வருடம் முழுக்கப் பளபளக்கும் பச்சை இலை, எந்த மாதத்திலும் கொஞ்சமாவது வெள்ளைப் பூ, முள் கிடையாது, சாமிக்குப் பறிக்கக் கை எட்டும் உயரம்.

இந்தச் செடி வீடுகளில் வீணாவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். தப்பான இடத்தில் நடுவது ஒன்று, வளர்ந்த பிறகும் விடாமல் தண்ணீர் ஊற்றுவது இன்னொன்று. அதனால் நடுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன். நட்ட பிறகு முதல் வருடம் மட்டும் கூட இருங்கள்.

எந்த வகையை வாங்குவது?

ஒற்றை நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ்கள், காற்றாடிபோல லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அதிகம் பூப்பதும், எதையும் தாங்குவதும் இதுதான். மொட்டு நீளமாக இருப்பதால் மாலை கட்டவும் உதவும். சேலம் பூ மார்க்கெட்டின் விலைப் பட்டியலில் மல்லிகை, அரளி, சம்பங்கியோடு நந்தியாவட்டத்துக்கும் தனி இடம் உண்டு. பூவுக்காகவே வளர்ப்பதென்றால் யோசிக்காமல் ஒற்றையை வாங்குங்கள்.

அடுக்கு நந்தியாவட்டையின் பூ பெரியது, சின்ன ரோஜா அளவுக்கு வரும். இரவில் நல்ல மணம் வீசும். ஒற்றையில் மணம் குறைவு. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, திண்ணை ஓரம், மாலையில் உட்காரும் இடம் என்றால் அடுக்கு வகைதான் பொருத்தம். பெரிய மழையில் பூ நனைந்து பழுப்பாகித் தொங்குவது இதன் குறை.

குட்டை நந்தியாவட்டைக்கு இலையும் பூவும் சிறியவை. முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வேலி அமைக்க இது போதும். இலையில் வெள்ளைப் பட்டை ஓடும் வகையும் கிடைக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் மெதுவாக வளரும், உச்சி வெயிலில் இலை கருகும். வேலை குறைய வேண்டும் என்றால் அது வேண்டாம். சில நர்சரிகளில் நந்தியாவட்டையை சாந்தினி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

நர்சரியில் பூ நிறைய இருக்கும் செடியைப் பார்த்து மயங்க வேண்டாம். அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இலையைத் திருப்பி, நடு நரம்போரம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அந்தச் செடி பையில் அதிக நாள் கிடந்தது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இடம்: இதில் அவசரப்படக் கூடாது

நான்கு முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் கிடைத்தால் போதும். நாள் முழுக்க வெயில் அடித்தாலும் ஒற்றை வகை தாங்கும். முழு நிழலில் செத்துப்போகாது, ஆனால் கிளைகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, இலை மட்டும் இருக்கும், பூ இருக்காது. மாமரத்தடியில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் செடியை அல்ல, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். அடுக்கு வகைக்குக் கிழக்குப் பக்கம் மிக நல்லது. காலை வெயில் கிடைக்கும், மூன்று மணிக்கு மேல் சுவர் நிழல் கிடைக்கும்.

கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. உப்புக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் பக்கத்தில் இதை நட வேண்டாம், இலை நுனி கருகிக்கொண்டே இருக்கும். கடலைப் பார்த்த பக்கத்துக்கு அரளி பரவாயில்லை. நந்தியாவட்டையை வீட்டுக்குப் பின்புறம், காற்று மறைவில் வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உறைபனி விழும் ஊர்களுக்கும் இது ஏற்ற செடி இல்லை.

அடுத்தது தண்ணீர் வடிவது. ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் குழி எடுத்து, மாலையில் அதை நிறையத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் காலியாக இருந்தால் கவலையில்லை. தண்ணீர் இன்னும் நின்றால் அது களிமண்ணோ கெட்டிக் கரிசலோ. அங்கே குழிக்குள் நடாமல், தரைக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு அகலமான மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் வேர்ப்பகுதியில் பாதியாவது மேலே இருக்கும். சென்னையின் பள்ளமான பகுதிகளில் இந்த மேடு இல்லாமல் எந்தப் பூச்செடியும் நிலைப்பது கஷ்டம்.

புது வீடாக இருந்தால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கட்டட வேலை முடிந்ததும் சிமென்ட் கலவை, சுண்ணாம்பு, செங்கல் துண்டு, ஜல்லி எல்லாம் மதில் ஓரமாகத்தான் போய்ச் சேரும். அதன்மேல் இரண்டு கூடை செம்மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். மேலே பார்த்தால் நல்ல மண், அரையடி தோண்டினால் குப்பை. சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத் தன்மைக்குக் கொண்டுபோகின்றன. கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மதில் ஓரச் செடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவைப் போடுவார்கள், ஒன்றும் நடக்காது.

சந்தேகம் இருந்தால் ஒரு பிடி காய்ந்த மண்ணில் சமையலறை வினிகரைக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்போது குழியை இரண்டடி ஆழத்துக்கு எடுத்து, வந்த குப்பையை முழுக்க வெளியேற்றி, வேறு இடத்து மண்ணால் நிரப்புங்கள். ஒரு நாள் கூலி செலவாகும். பல வருடங்கள் மஞ்சள் இலையைப் பார்ப்பதற்கு அது மேல்.

சுவரிலிருந்து மூன்று அடியாவது தள்ளி நடுங்கள். நட்ட குச்சியைப் பார்த்தால் மூன்று அடி அநியாயமாகத் தெரியும். வளர்ந்த செடி ஆறு முதல் பத்து அடி உயரமும், கிட்டத்தட்ட அதே அகலமும் வரக்கூடியது. தனிச்செடிகளுக்கு இடையே ஐந்து ஆறு அடி விடுங்கள். வேலியாக வேண்டும் என்றால் இரண்டு முதல் இரண்டரை அடி, குட்டை வகைக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி போதும்.

வாங்காமலும் வளர்க்கலாம்

அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது நல்ல செடி இருந்தால் குச்சி கேட்டு வாங்குங்கள். அடுக்கு வகையில் விதை பிடிப்பதே அரிது, எனவே குச்சியும், கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைக்கும் பதியமும்தான் வழி. மழைக்காலம் தொடங்கும்போது, காற்றில் ஈரம் இருக்கும்போது எடுத்தால் வேர் எளிதாகப் பிடிக்கும்.

முற்றிய கட்டையும் வேண்டாம், வளையும் பச்சைத் தளிரும் வேண்டாம். பென்சில் தடிமனில், பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் பகுதியில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று நான்கு கணுக்களாவது இருக்க வேண்டும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். வெட்டியதும் பால் வடியும். பால் நிற்கும்வரை குச்சியைத் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு கழுவி எடுங்கள். மேலே இரண்டு மூன்று இலைகளை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடுங்கள்.

மணலும் ஊறவைத்த தென்னை நார்க்கழிவும் பாதிக்குப் பாதி கலந்த பையில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். எரு இப்போது வேண்டாம், வெட்டுப்பட்ட இடம் அழுகும். வேர் ஊக்கிப் பொடி கையில் இருந்தால் தொட்டு நடலாம், இல்லாவிட்டாலும் வரும். மேலே ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். அதுவரை வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். புது வேர் நூல்போல மெல்லியது, ஒரு முறை இழுத்தாலே அறுந்துவிடும். புதுத் தளிர் விட்டு, அது வாடாமல் நின்றால் வேர் பிடித்ததாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தரையில் நடுங்கள். நாலைந்து குச்சி சேர்த்து வையுங்கள், எல்லாமே பிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நடவு

ஆடி, ஆவணியில் நடுவது நல்லது. ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் ஓடிவிடும், மழை முடியும்போது செடி நிலைத்திருக்கும். பங்குனி, சித்திரையில் நட்டால் முதல் இரண்டு மாதம் தினமும் குடம் தூக்க வேண்டியதுதான். சொட்டு நீர் வசதி இல்லாதவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தோண்டிய மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் கலக்குங்கள். மண் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் மணல். இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் வேரில் முடிச்சு விழ வைக்கும் நூற்புழுவுக்குத் தடையாக இருக்கும். பச்சைச் சாணம் போடக் கூடாது, அது மக்கும்போது எழும் சூடு வேரைக் கருக்கும். கரையானையும் கூப்பிடும்.

பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் தரையிலும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில்தான் தரையிலும் இருக்க வேண்டும். தண்டை ஆழமாகப் புதைத்தால் பட்டை அழுகும். நட்டதும் சுற்றி ஓரடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக விடுங்கள். காற்று அடிக்கும் இடமென்றால் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் மூடாக்கு. காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் மட்டும் விட்டுவிட்டு. தோட்ட வேலையில் பாதியை மிச்சப்படுத்துவது இந்த ஒரு காரியம்தான். களை குறையும், மண் காயாது, மக்கி உரமாகும். வாசலைப் பெருக்கி இலையைக் கொளுத்துகிற வீட்டில் அதே இலைக்கு இங்கே வேலை இருக்கிறது.

முதல் வருடத் தண்ணீர்

முதல் மாதம் மழை இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் வாரம் இரண்டு முறை. அதன் பிறகு வாரம் ஒரு முறை, ஆனால் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து லிட்டர் இறங்க வேண்டும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது நல்ல பழக்கம் இல்லை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே படரும், கோடையில் அந்த மேல்மண் காய்ந்ததும் செடி துவளும். ஆழமாக ஊற்றி இடைவெளி விட்டால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். அப்படிப் போன வேர்தான் அடுத்த வருடம் உங்களுக்கு வேலையைக் குறைக்கும்.

எப்போது ஊற்றுவது என்று நாள்காட்டியைப் பார்க்காமல், மூடாக்கை விலக்கி விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். மத்தியான வெயிலில் இலை லேசாகத் தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம், மாலையில் நிமிர்ந்தால் சரி. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் தாகம். மண் ஈரமாக இருந்தும் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன என்றால் தண்ணீர் அதிகம்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, வாளியில் பிடித்து ஊற்றலாம். குழாயையே செடியடியில் விட்டு நாள் முழுக்கச் சொட்டவிட்டால் வேர் அழுகும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும், அதை இதற்கு ஊற்ற வேண்டாம்.

வருடம் முடிந்த பின் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் தண்ணீரை மறந்துவிடலாம். கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை. கரிசல் மண்ணில் பத்து நாளுக்கு ஒரு முறைகூடப் போதும்.

கத்தரி: எங்கே, எப்போது?

நந்தியாவட்டையின் கிளை நுனி இரண்டாகப் பிரியும், அந்தக் கவையிலும் நுனியிலும்தான் மொட்டு வரும். இதைக் கவனித்தவர்களுக்குக் கவாத்து தானாகப் புரிந்துவிடும். ஒரு கிளையை வெட்டினால் அது பல கிளையாகப் பிரியும், கவைகள் கூடும், பூ கூடும். ஆனால் மாதா மாதம் வேலிக் கத்தரியால் மேலே சீவி, பெட்டி மாதிரிச் சதுரமாக வைத்திருந்தால் மொட்டு உள்ள நுனிகள்தான் போகும். பூவே இல்லாத பச்சைச் சுவர்தான் மிஞ்சும். பூச்செடியை வாங்கி அதைப் பெட்டியாக வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை. சதுர வேலிதான் வேண்டும் என்றால் குட்டை வகையை நட்டு, வருடம் இரண்டு முறைக்கு மேல் வெட்டாமல் இருங்கள்.

தனிச்செடிக்கு வருடத்தில் ஒரு முறை, தை கடைசியிலோ மாசியிலோ செய்தால் போதும். காய்ந்த கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு எடுங்கள். மீதியில் நீண்டவற்றை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறைத்து, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். நட்ட முதல் வருடம் மட்டும், நீண்டு போகும் நுனிகளை ஓரிரு முறை கிள்ளிவிட்டால் அடர்த்தியாக வரும். இடம் குறைவான வாசலில் கீழ்க் கிளைகளை வருடா வருடம் எடுத்து, குடை போன்ற சின்ன மரமாகவும் ஆக்கலாம், அடியில் நடக்க வழி கிடைக்கும்.

உரம், மஞ்சள் இலை

வருடம் இரண்டு முறை, கவாத்துக்குப் பின்பும் மழைக்கு முன்பும், ஒரு சின்னக் கூடை மக்கிய எருவோ மண்புழு உரமோ செடியைச் சுற்றிப் போட்டு மேல்மண்ணில் லேசாகக் கிளறிவிடுங்கள். அவ்வளவுதான். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழிக்கும், பூ குறையும், அந்தக் கொழுத்த தளிரைத் தேடி அசுவினிப் பூச்சி வரும்.

ஏற்கனவே கார மண்ணில் நட்டுவிட்டு இளம் இலை வெளுத்திருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை வேளையில் இலைமேல் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இது தற்காலிக உதவிதான். மக்கிய எருவும் மூடாக்கும் தொடர்ந்து போட்டால் மண் மெதுவாகத் திருந்தும்.

பூச்சி

பெரும்பாலான வருடங்களில் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. கோடையில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ வந்தால், தண்டில் எறும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முதலில் குழாயைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அதற்கும் போகாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் அடியுங்கள், வாரம் ஒன்றாக இரண்டு மூன்று முறை. இந்தப் பூச்சிகள் விடும் இனிப்புக் கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகும். லிட்டருக்கு 50 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, நல்ல வெயில் நாளில் தெளித்தால், காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உரிந்துவிடும்.

ஒரு காலை எழுந்து பார்த்தால் கிளை நுனி மொட்டையாகி, தரையில் மிளகைவிடப் பெரிய எச்சம் கிடக்கலாம். அண்ணாந்து தேடினால் விரல் நீளத்துக்குக் கொழுத்த பச்சைப் புழு இருக்கும், தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் போன்ற பொட்டு. அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பெரிய அந்துப்பூச்சியின் புழு அது. பயமுறுத்தத்தான் அந்தக் கண்கள், கடிக்காது. தயவுசெய்து இதற்கு மருந்து அடிக்காதீர்கள். நான்கைந்து புழு தின்றாலும் வளர்ந்த செடி சில வாரங்களில் தழைத்துவிடும், மற்றபடி அந்தப் பச்சைப் பளிங்கு நிற அந்துப்பூச்சி நம் ஊரின் அழகான பூச்சிகளில் ஒன்று. சின்னச் செடியாக இருந்தால் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

தொட்டியில் வைப்பவர்களுக்கு

மொட்டை மாடியிலும் வளரும். 15 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, அடியில் நல்ல துளைகள், குட்டை வகை அல்லது அடுக்கு வகை. வேர் கீழே இறங்க வழியில்லாததால் தரைச்செடியைப்போல இதை மறந்துவிட முடியாது, கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, சுற்று வேரைக் கொஞ்சம் வெட்டி, புது மண் போடுங்கள்.

பால் பற்றி

நந்தியாவட்டையும் அரளியும் ஒரே குடும்பம். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதை அரளிப் பேரினத்திலேயே சேர்த்துத்தான் எழுதினார். அரளி இதயத்தை நேரடியாகத் தாக்கும் கொடிய நஞ்சு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளிக்குப் பதில் இதை நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இதிலும் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, எந்தப் பகுதியும் வாயில் வைக்கக் கூடாதது. கவாத்தின்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், வெட்டிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். கத்தரியில் ஒட்டிய பாலைத் தேங்காய் எண்ணெய் துடைத்துவிடும்.

இந்தப் பூவைக் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று இமைமேல் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூடிய இமைமேல் கழுவிய பூவை வைப்பதோடு நிறுத்துங்கள். பூவையோ இலையையோ பிழிந்து கண்ணில் விடுவது ஆபத்து. பறித்த காம்பில் பால் ஒட்டியிருக்கும். பால் கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவிவிட்டு, எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பூவை அதிகாலையிலேயே பறிப்பது நல்லது, வெயில் ஏறினால் இதழ் ஓரம் பழுப்பாகும். மாலை கட்ட வேண்டும் என்றால் முதல் நாள் மாலையே மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுங்கள்.